ஓதம் பார்த்து ஓடம் செலுத்து: சதுப்பு ஓடைகளில் ஓராள் படகு மீன்பிடிப்பு

கடலில் மீன் பிடிப்பவருக்குக் காற்று முக்கியம். ஆற்றில் பிடிப்பவருக்கு வெள்ளம் முக்கியம். ஆறும் கடலும் கலக்கும் சதுப்பு ஓடையில் பிடிப்பவருக்கோ கடிகாரம் முக்கியம். அந்தக் கடிகாரம் ஓதம். காலையில் இடுப்பளவு நீர் நின்ற ஓடையில் பிற்பகலில் கணுக்கால் நீர்தான் இருக்கும். நல்ல மீன் கிடைக்கும் நேரமும், படகு சேற்றில் தட்டி நிற்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருவதால் இத்தொழிலில் கணக்கு தெரிந்தவரே பிழைக்கிறார்.

நம் கடற்கரையில் பிச்சாவரம், முத்துப்பேட்டை, பழவேற்காடு ஆகிய இடங்களில் இத்தகைய ஆழமற்ற உப்பங்கழிகள் உள்ளன. கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிட முகத்துக்கும் இடையே பிச்சாவரம் சதுப்பு அமைந்திருக்கிறது. திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையில் பாமணியாறு, கோரையாறு முதலான காவிரியின் கடைசிக் கிளைகள், வயல்களின் வடிகால் நீரையும் சேர்த்துக்கொண்டு காயலில் விழுகின்றன. இரண்டிடங்களிலும் அலையாத்தி மரங்களுக்கிடையே ஓடைகள் கிளை கிளையாகப் பிரிந்து செல்கின்றன. பெரிய படகும் இயந்திரமும் இவ்வோடைகளுக்கு ஒத்து வருவதில்லை. ஒருவர் அமர்ந்து, துடுப்பாலோ கழியாலோ செலுத்தும் சிறு படகே இங்கு ஏற்றது. அதைக் கொண்டு ஓடையில் மீன் பிடிக்கும் முறையையும், அதில் கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓதத்தின் கணக்கு

நம் கிழக்குக் கடற்கரையில் நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறுகிறது. இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். ஆகவே இன்று காலை 9 மணிக்கு நீர் முழுமையாக ஏறினால், நாளைக் காலை ஏறக்குறைய 9-50க்குத்தான் அதே நிலை வரும். நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது என்று நினைவில் வைத்தால் போதும்.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிகுதி, வற்றமும் மிகுதி. அட்டமியை ஒட்டிய நாட்களில் இரண்டும் குறைவு. தஞ்சை, கடலூர் கரையோரங்களில் அமாவாசை ஓதத்தில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக ஒரு மீட்டரைத் தாண்டுவதில்லை. இது சிறிய அளவு என்று எண்ணலாம். ஆனால் தரை சமமாக இருக்கும் சதுப்பில் ஒரு சாண் நீர் குறைந்தால் பல ஏக்கர் சேறு வெளியே தெரியும்.

நீர் ஒரே சீராக ஏறுவதோ வற்றுவதோ இல்லை. முழு ஏற்றத்திலிருந்து முழு வற்றம் வரை சுமார் 6 மணி நேரம். மொத்த வேறுபாட்டை 12 பங்காக வைத்துக்கொண்டால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2 பங்கு, மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு, ஐந்தாம் மணியில் 2 பங்கு, ஆறாம் மணியில் 1 பங்கு என்ற அளவில் நீர் இறங்கும். வேறுபாடு 60 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 5, 10, 15, 15, 10, 5 சென்டிமீட்டர் என்று வரும். நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி நீர் போய்விடுகிறது. அந்த நேரத்தில்தான் ஓட்டமும் வேகமாக இருக்கும்.

இக்கணக்கு ஒரு வழிகாட்டியே. முகத்துவாரத்தில் நீர் ஏறி முடிந்த பிறகும், உள்ளோடைகளில் சிறிது நேரம் ஏறிக்கொண்டிருக்கும். கடற்காற்று பலமாக வீசினால் நீர் உள்ளே தேங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடல் மட்டமே சற்று உயர்ந்திருக்கும். மழை வெள்ளமும் சேரும். கோடையில் முகத்துவாரம் மணல் தூர்ந்து குறுகினால் ஓதம் உள்ளே வருவது குறைந்துவிடும். ஆதலால் பஞ்சாங்கத்தையும் ஓத அட்டவணையையும் மட்டும் நம்பாமல், அவரவர் ஓடைக்கு அவரவரே அளவு பார்த்து வைத்துக்கொள்வது அவசியம்.

அளவுகோல் நடுதல்

இதற்குச் செலவு அதிகமில்லை. நேரான மூங்கில் அல்லது சவுக்குக் கழி ஒன்றில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகப் பெயிண்டால் குறியிட்டு, படகு கட்டும் துறையில் உறுதியாக நடவேண்டும். பிறகு, ஓடையில் படகு கடக்க வேண்டிய மிக ஆழம் குறைந்த இடம் எது என்று கண்டுகொள்ள வேண்டும். அது பெரும்பாலும் கிளையோடை பெரிய ஓடையில் சேரும் இடத்தில் உள்ள மணல் திட்டாகவோ சேற்று மேடாகவோ இருக்கும். அவ்விடத்தில் நீர் 20 சென்டிமீட்டர் நிற்கும்போது துறையிலுள்ள கழி எந்தக் கோட்டைக் காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்து, அந்தக் கோட்டில் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம். அதன்பின், நீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே போக இயலாது. உள்ளே இருப்பவர் திரும்பவும் இயலாது என்பது தெளிவு.

ஒரு மாதம், முழு ஏற்ற நேரத்தையும் முழு வற்ற நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வந்தால், அமாவாசையிலிருந்து எத்தனையாவது நாளில் எந்த மணிக்கு நீர் ஏறும் என்பது மனப்பாடமாகிவிடும். கழி இல்லாத இடத்தில் மரங்களே அளவுகோல். சுரபுன்னை வேர்களில் சிப்பி ஒட்டியிருக்கும் மேல் எல்லையும், தண்டில் சேறு படிந்த கோடும் வழக்கமான ஏற்றத்தின் உயரத்தைக் காட்டும்.

படகு எப்படி இருக்க வேண்டும்

ஆழமற்ற நீரில் முதல் தேவை, படகு நீருக்குள் குறைவாக அமிழ்வது. அடிப்பகுதி தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் குறைவாக அமிழும். சுமார் 4 மீட்டர் நீளமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு படகில், நீரின் மேல் படிந்து நிற்கும் பரப்பு ஏறக்குறைய 2 சதுர மீட்டர் என்று கொள்ளலாம். இப்படகில் 20 கிலோ எடை கூடினால் அது 1 சென்டிமீட்டர் அதிகம் அமிழும். படகின் எடை 70 கிலோ, ஆள் 60 கிலோ, வலையும் பனிக்கட்டியும் 30 கிலோ, பிடித்த மீன் 20 கிலோ என்றால், மொத்தம் 180 கிலோ. படகு சுமார் 9 சென்டிமீட்டர் அமிழும். தரையில் உரசாமல் செல்ல இதற்கு மேல் ஒரு கையகல இடைவெளியும் வேண்டும். ஆக, 20 சென்டிமீட்டர் நீர் இருந்தால் போகலாம். இன்னொருவரை ஏற்றிக்கொண்டால் 3 சென்டிமீட்டர் கூடும். 23 சென்டிமீட்டர் நீர் தேவைப்படும்.

மரப்படகு, ஃபைபர் படகு இரண்டுமே பயன்படும். ஃபைபர் இலேசானது; ஆனால் சிப்பியும் வெட்டிய வேர் முனையும் கீறினால் ஓட்டை விழும். வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துப் பழுதை அடைத்துக்கொள்ள வேண்டும். துடுப்போடு ஒரு நீளமான கழியும் இருத்தல் நல்லது. ஆழம் பார்க்கவும், படகைத் தள்ளவும், ஓட்டத்தில் ஊன்றிப் படகைக் கட்டி நிறுத்தவும் ஒரே கழி உதவும். கழியின் அடிமுனையில் ஒரு சாண் நீளக் குறுக்குக் கட்டை அடித்துவிட்டால், இளகிய சேற்றில் ஆழப் புதைந்து மாட்டிக்கொள்ளாது.

குறுகிய படகில் நின்றுகொண்டு வீச்சு வலை வீசுவது ஆபத்து. படகைக் கழியில் கட்டி நிறுத்தி, முழங்காலிட்டு வீசலாம். அல்லது கெட்டியான கரையில் இறங்கி வீசலாம். பாரத்தை நடுவில் வைக்க வேண்டும். மீன் கூடையைப் பின்முனையில் வைத்தால் அப்பக்கம் தாழ்ந்து, முதலில் தரை தட்டும்.

ஒரு நாளின் கணக்கு

மேற்சொன்ன இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்போம். அமாவாசைக்கு மறுநாள். உள்ளோடையில் காலை 9 மணிக்கு முழு ஏற்றம். சேற்று மேட்டின் மீது அப்போது 70 சென்டிமீட்டர் நீர். முழு வற்றத்தில் 10 சென்டிமீட்டர். வேறுபாடு 60.

காலை 10 மணிக்கு மேட்டில் 65 சென்டிமீட்டர் இருக்கும். 11 மணிக்கு 55, 12 மணிக்கு 40, 1 மணிக்கு 25, 2 மணிக்கு 15. படகுக்குத் தேவையான 20 சென்டிமீட்டர் 1-30 மணியோடு முடிந்துவிடுகிறது. பாதுகாப்புக்கு அரைமணி விட்டு, 1 மணிக்குள் மேட்டைக் கடந்துவிட வேண்டும். மீன் பிடிக்கும் இடத்திலிருந்து மேட்டுக்கு வர முக்கால் மணி ஆகுமென்றால், 12 மணிக்கு வலையைச் சுருட்டத் தொடங்க வேண்டும். இன்னொருவரும் படகில் இருந்தால் சுமார் 20 நிமிடம் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும்? 1-30க்கு மேட்டில் தட்டிய படகு, மூன்று மணிக்கு மேல் முழு வற்றம் வந்து, நீர் மீண்டும் 20 சென்டிமீட்டர் ஏறும் வரை நகராது. மாலை 4-45 வரை வெயிலில் சேற்றின் நடுவே காத்திருக்க வேண்டும். பிடித்த இறால் கெட்டுப்போகும். இரவு ஓதத்தில் இப்படி நேர்ந்தால் விடியும் வரை கொசுக்கடிதான்.

அட்டமி நாளில் இதே மேட்டில் ஏற்றத்தில் 52, வற்றத்தில் 28 சென்டிமீட்டர் என்று நீர் நிற்கலாம். அன்று எந்த நேரமும் படகு போய் வரலாம். ஆனால் ஓட்டம் மந்தமாக இருப்பதால் மீன் அலைவது குறைவு. ஆக, ஆபத்தில்லாத நாளில் வரவு குறைவு. வரவு மிகுந்த நாளில் ஆபத்து அதிகம். புதிதாகத் தொழில் கற்பவர்கள் அட்டமி நாட்களில் ஓடைகளைப் பழகிக்கொண்டு, பிறகு அமாவாசை ஓதத்தில் இறங்குவதே முறை.

மீன் எங்கே, எப்போது

ஏற்றம் தொடங்கியதும் மடவைக் கூட்டம் சேற்றுத் தரையிலுள்ள பாசியை மேய்வதற்காக ஆழமற்ற இடங்களுக்கு ஏறும். இறால் குஞ்சுகளும் சிறு மீன்களும் வேர்களுக்கிடையே புகுந்துகொள்ளும். அவற்றைத் தேடிக் கொடுவாவும் செப்பிலியும் வரும். இந்நேரத்தில் மீன் பரந்து கிடப்பதால் பிடிப்பது கடினம். நண்டுக்கு மட்டும் இது நல்ல நேரம்.

வற்றம் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. பரந்து கிடந்த நீர் முழுவதும் ஓடை வழியே வடியவேண்டும். நீரோடு இரையும் அதே வழியாக வரவேண்டும். கிளையோடை பெரிய ஓடையில் சேரும் இடத்தில், ஓட்டத்துக்குச் சற்று ஒதுங்கிய மறைவில் கொடுவா காத்திருக்கும். அதன் வாய் திறந்து மூடும்போது எழும் ஓசையைக் கேட்டே பழகியவர்கள் இடத்தைக் கண்டுகொள்வார்கள். உயிருள்ள இறால் அல்லது விரலளவு மடவையைத் தூண்டிலில் கோத்து, ஓட்டத்தின் போக்கில் விடவேண்டும். படகை அந்த இடத்துக்கு மேலேயே கொண்டு நிறுத்தக் கூடாது. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, நிழல் நீரில் விழாத பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஆழமற்ற நீரில் துடுப்பு படகின் விளிம்பில் தட்டும் ஓசைகூட மீனைக் கலைத்துவிடும்.

மடவையைத் தூண்டிலில் பிடிப்பது அரிது. வீச்சு வலையோ தங்கூசி வலையோதான் ஏற்றது. அது வலையைத் தாண்டிக் குதிக்கும் மீன் என்பதால், மாலை மங்கிய வெளிச்சத்தில் வலை விடுவது நல்லது. முகத்துவாரத்தை ஒட்டிய மணல் தரையில் கிழங்கான் கிடைக்கும். அதற்கு மண்புழு போன்ற சேற்றுப்புழுவே சிறந்த இரை.

பிடித்த மீனையும் இறாலையும் உடனே பனிக்கட்டியில் இடவேண்டும். ஒரு கிலோ இறாலுக்கு ஒரு கிலோ பனிக்கட்டி என்பது நல்ல அளவு. படகின் பாரத்தைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நண்டு பிடிக்க

சேற்று நண்டுக்கு ஓராள் படகு மிகவும் ஏற்றது. இரும்பு வளையத்தில் வலை கட்டி, நடுவில் திருக்கைத் துண்டு அல்லது கெளுத்தித் தலையை வைத்துக் கட்டி, ஏற்றம் தொடங்கும்போது ஓடையின் ஓரமாக வரிசையாக இறக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மிதவை கட்டியிருக்க வேண்டும். இருபது வளையம் இறக்கி முடித்ததும் முதல் வளையத்துக்குத் திரும்பி, ஓசையில்லாமல் நெருங்கி, ஒரே மூச்சில் தூக்கவேண்டும். மெதுவாகத் தூக்கினால் நண்டு நழுவிவிடும்.

வயிற்று மடிப்பு குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும் நண்டு, அண்மையில் தோலுரித்தது. அதில் சதையில்லை, நீர்தான் இருக்கும். சந்தையில் விலை போகாத அந்த நண்டைக் கொன்று பயனில்லை. நீரிலேயே விட்டால் சில வாரங்களில் சதை பிடித்து நல்ல விலைக்கு வரும். வயிற்று மடிப்புக்கு வெளியே முட்டைத் திரளைச் சுமந்திருக்கும் நண்டையும் விட்டுவிட வேண்டும். விற்பனைக்குரிய நண்டின் கொடுக்குகளைக் கட்டி, ஈரச்சாக்கு மூடி நிழலில் வைத்தால் சில நாட்கள் உயிருடன் இருக்கும்.

வாயை அடைத்தால் வருமானமும் அடைபடும்

வெள்ளை இறாலும் வரி இறாலும் கடலில் முட்டையிடுகின்றன. பொரித்த குஞ்சு இரண்டு மூன்று வாரங்களில் ஓதத்தோடு உப்பங்கழிக்குள் வந்து, சில மாதங்கள் சதுப்பில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போய் முட்டையிடுகிறது. சேற்று நண்டும் முட்டை விடக் கடலை நாடிப் போகிறது. ஆகவே ஓடையின் வாய் என்பது, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் உள்ள ஒரே வாசல்.

இந்த வாசலைக் கரைக்குக் கரை நுண்கண் வலையால் அடைத்து, வற்றத்தில் வடிந்து வரும் அனைத்தையும் அள்ளுவது சிலவிடங்களில் நடக்கிறது. ஒரே நாளில் கூடை நிரம்பும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும். 3 கிராம் எடையுள்ள இறால் குஞ்சு ஒரு கிலோவுக்கு 333 நிற்கும். அவை வளர்ந்து 20 கிராம் ஆகும்போது மூன்றில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 111 இறால் 2 கிலோ 200 கிராம் தேறும். பெரிய இறாலுக்குக் கிலோ விலையும் பல மடங்கு அதிகம். இன்று ஒரு கிலோவை அள்ளுபவர் நாளைக்குக் கிடைக்கவேண்டிய இரண்டு கிலோவைக் கைவிடுகிறார். அந்த இரண்டு கிலோ அவருக்கு மட்டுமன்றி, ஓடையை நம்பிய மற்றவர்களுக்கும் உரியது.

அந்த மற்றவர்களில் படகே இல்லாதவர்களும் உண்டு. பிச்சாவரத்தில் இருளர் குடும்பத்தினர் ஆழமற்ற நீரில் இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததை, பல்லால் கவ்விய கயிற்றில் தொங்கும் ஓலைப்பறியில் போட்டுக்கொள்கின்றனர். ஓடை வாய் அடைபட்டால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் இவர்களே.

ஓடையில் பாதி அகலத்துக்கு மேல் வலை கட்டுவதில்லை என்று ஊரார் கூடித் தீர்மானித்துக்கொண்டால் இத்தீமையைத் தவிர்க்கலாம். இத்தகைய கட்டுப்பாடு நம் மீனவருக்குப் புதிதல்ல. பழவேற்காட்டு ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களைப் 'பாடு' என்று பிரித்து, முறை வைத்து மாறி மாறிப் பிடிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

வாய்க்காலில் நீரோட்டம் நின்றால் மரமும் பிழைக்காது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் முற்காலத்தில் மொத்தமாக மரம் வெட்டப்பட்ட இடங்கள் தாழ்ந்து, ஓத நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பேறித் தரிசாயின. 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து, அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓத நீர் வந்து போக வழி செய்து, அலையாத்திக் கன்றுகளை நட்டனர். ஓட்டம் திரும்பியது, காடும் திரும்பியது. முத்துப்பேட்டை மீனவர்கள் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிக்கும் பழைய வழக்கத்திலும் இதே உண்மை அடங்கியிருக்கிறது.

அமெரிக்கச் சதுப்பு தரும் பாடம்

அமெரிக்காவின் தென்கரையில் லூசியானா, டெக்சாஸ் மாநிலங்களில் இதுபோன்ற ஓதச் சதுப்புகள் மிகுதி. அங்கே அலையாத்திக்குப் பதில் பெரும்பாலும் உப்புக் கோரைப்புல். அவ்வோடைகளில் பலர் 'கயாக்' என்னும் ஓராள் படகில் சென்று தூண்டில் போடுகின்றனர். வடதுருவப் பகுதியில் வாழும் இனூயிட் மக்கள் சீல் வேட்டைக்காகத் தோலால் செய்த படகே இதன் மூலம். இருபுறமும் தட்டுள்ள ஒரே துடுப்பால் அமர்ந்தபடி செலுத்தும் இப்படகுகள் இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. அக்கரையின் பல பகுதிகளில் நாளுக்கு ஒரே ஏற்றம், ஒரே வற்றம். வேறுபாடு ஓர் அடி அளவே. எனினும் வடியும் நீரில் ஓடை வாயில் காத்திருப்பதே அங்கும் முறை.

அவர்கள் முக்கியமாகத் தேடும் 'ரெட்ஃபிஷ்', நம் கத்தாளையின் இனத்தைச் சேர்ந்தது. இளமையில் சில ஆண்டுகள் சதுப்பில் வளர்ந்து, முதிர்ந்தபின் கடலுக்குப் போகும். 1980களில் இம்மீனுக்கு உணவு விடுதிகளில் திடீரென்று பெருந்தேவை ஏற்பட்டது. கடலில் இருந்த தாய்மீன்களும் பெருமளவில் பிடிபட்டதால், அரசு வணிகப் பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. டெக்சாஸ் மாநிலம் 1981லேயே தன் நீர்நிலைகளில் பிடித்த இம்மீனை விற்கத் தடை விதித்தது. லூசியானாவில் 2024ல் வந்த விதிப்படி, ஒருவர் ஒரு நாளில் 4 மீன் மட்டுமே வைத்துக்கொள்ளலாம்; அதுவும் 18 அங்குலத்துக்குக் குறையாமலும் 27 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்கவேண்டும். சிறியது வளர வேண்டும், பெரியது முட்டையிட வேண்டும் என்பதே இதன் கருத்து.

பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவருக்கு வகுத்த விதியை, வயிற்றுப்பாட்டுக்காகப் பிடிப்பவருக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆனால் நம் கொடுவாவின் இயல்பைக் கவனிக்க வேண்டும். அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் சென்று பெரிதானபின் பெண்ணாக மாறும் மீன். ஓடையில் கிடைக்கும் மிகப் பெரிய கொடுவா அநேகமாகத் தாய்மீன். நல்ல விலை தரும் அதை விட்டுவிடு என்று சொல்வது எளிதல்ல. ஆனால் குஞ்சைப் பிடிக்காமல் விட்டால்தான், சிலவாவது அந்த அளவுக்கு வளர்ந்து இனம் பெருகும்.

பாதுகாப்புக் குறிப்புகள்

படகு தரை தட்டினால் இளகிய சேற்றில் குதித்துத் தள்ள முயலக் கூடாது. இடுப்பு வரை புதைந்தவர் தனியே வெளிவருவது கடினம். தவறிப் புதைந்தால் நிமிர்ந்து உதறாமல், பின்பக்கம் சாய்ந்து உடலைப் பரப்பி, துடுப்பைக் குறுக்கே போட்டு அதைப் பற்றி மெல்ல மெல்லக் காலை விடுவிக்க வேண்டும். தட்டிய படகிலேயே இருந்து அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்பது எப்போதும் மேல்.

ஆழமற்ற நீரில் நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும்; சேற்றில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். திருக்கையோ கெளிறோ ஓராவோ குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் அரைமணிக்கு மேல் வைத்தால் வலி குறையும். பின்னர் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

படகை இழுக்கக் கிளையைப் பற்றும்போது அது தில்லை மரமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தில்லையின் பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. பட்டால் உடனே நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உயிர்காப்பு அங்கி, குடிநீர், ஊதல், கைவிளக்கு, பிளாஸ்டிக் உறையில் இட்ட கைப்பேசி ஆகியவை ஓராள் படகில் கட்டாயம் இருக்கவேண்டும். தனியே செல்பவர் எந்த ஓடைக்குப் போகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் ஆற்று வெள்ளம் திடீரென்று இறங்கும். அப்போது உள்ளோடைகளுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் காப்புக் காடுகள். எந்த ஓடைக்குள் போகலாம், எதற்குள் போகக்கூடாது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிந்து செல்ல வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தின் முறைகளையும் மதிக்க வேண்டும். வழி செய்வதற்காக வேரையோ கிளையையோ வெட்டுதல் கூடாது. அந்த வேரே மீன் ஒதுங்கும் இடம்.

ஓராள் படகு மீன்பிடிப்புக்கு முதல் குறைவு. டீசல் செலவு இல்லை. ஓர் அளவுகோல், ஒரு நோட்டு, ஒரு கழி, கொஞ்சம் பொறுமை இவைதாம் தேவை. துறையில் நட்ட கழியின் சிவப்புக் கோட்டைப் பார்த்துப் போய், அதைப் பார்த்தே திரும்பும் பழக்கம் வந்துவிட்டால் படகு தட்டாது. வற்றத்தில் ஓடையின் பாதி வாயைத் திறந்து விட்டால், அடுத்த ஏற்றத்திலும் மீன் உள்ளே வரும்.